மலைக்கு மேற்கே பாடியவர்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பொற்கிழி அறுத்த கதையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. மதுரையில் பாண்டியன் வல்லபதேவன் பொற்கிழி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, பரம்பொருள் எது என்று ஐயமற நிறுவுகிறவருக்கு அது உரியது என்று அறிவிக்கிறான். சாத்திரம் கரைத்துக் குடித்தவர்கள் அவையில் கூடியிருக்கிறார்கள். வில்லிபுத்தூர் நந்தவனத்தில் பூப்பறித்து மாலை கட்டிக்கொண்டிருந்த விஷ்ணுசித்தர் என்ற பெரியாழ்வாருக்குக் கனவில் உத்தரவு வருகிறது. கொட்டுப் பிடித்துத் தழும்பேறிய இந்தக் கையைக் காட்டியா கிழி அறுப்பது என்று அவர் தயங்குகிறார். பிறகு போகிறார், பேசுகிறார், கிழி தானாகத் தாழ்கிறது. யானைமேல் ஊர்வலம் வரும்போது திருப்பல்லாண்டு பிறந்தது என்பது குருபரம்பரைச் செய்தி. இதை நடந்தபடியே ஏற்பவர்கள் உண்டு, அடியார்கள் பின்னால் புனைந்தது என்பவர்களும் உண்டு. எப்படி எடுத்துக்கொண்டாலும் கதைக்குள் ஒரு பழைய வழக்கு இருக்கிறது: எது கல்வி, யார் கற்றவர்? அந்த வழக்கில் இந்த ஊர் மரபு தோட்டக்காரர் பக்கம் தீர்ப்புச் சொல்லியது. சொன்னதைப் பாட்டாகவே பதிந்தும் வைத்தது.

இதே வழக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலும் உண்டு. ராஜபாளையத்திலிருந்து மேற்கே போனால் அய்யனார் கோவிலோடு சமவெளி முடிந்துவிடுகிறது. ஆற்றுக்கும் காட்டுக்கும் நடுவே நீர்காத்த அய்யனார், அவருக்கு மேலே மேற்குத்தொடர்ச்சி மலை, மலை தாண்டினால் பழைய சேரநாடு. வரைபடத்தில் எல்லையாக இருக்கும் இந்த மலையை மனிதர்கள் ஒருபோதும் எல்லையாக நடத்தவில்லை. இந்தப் பக்கம் அய்யனாராக இருப்பவர் அந்தப் பக்கம் ஆரியங்காவிலும் அச்சன்கோவிலிலும் சாஸ்தாவாக இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் ராஜபாளையத்திலும் நின்று, செங்கோட்டை வழியாகக் கொல்லம் போகிற ரயில் இன்றும் ஓடுகிறது. அந்தக் கொல்லத்திலும், வடக்கே கொடுங்கல்லூரிலும், கொச்சியிலும் ஆயிரம் ஆண்டுக்கு மேலாக யூதர்கள் வாழ்ந்தார்கள். எபிரேயத்தில் தொழுதார்கள், தொழுகைக்கென்று பாட்டுக் கட்டினார்கள். அவர்களைப் பற்றி இடைக்கால யூத உலகின் மிகப் பெரிய அறிஞர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். இந்தியாவில் இருக்கும் யூதர்களுக்கு எழுத்திலுள்ள தோரா என்னும் மறைநூலே தெரியாது, ஓய்வுநாள் காப்பதும் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்வதும் தவிர அவர்களிடம் சமயம் என்று ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பு தவறு என்று நான் கருதுகிறேன். தூரத்து ஊரைப் பற்றிய தகவல் பிழை என்று இதைக் கடந்துபோக மனம் வரவில்லை. கல்வியை எந்தப் படியால் அளப்பது என்பதிலேயே அங்கே பிழை நேர்ந்திருக்கிறது.

எழுதியவர் மோசே மைமோனிதீஸ். ஸ்பெயினின் கொர்தோபாவில் 1138 வாக்கில் பிறந்து, 1204இல் எகிப்தில் மறைந்தவர். யூதச் சட்டம் முழுவதையும் 14 பகுதிகளாகத் தொகுத்தவர், அரபியில் மெய்யியல் எழுதியவர், சுல்தான் சலாவுதீனின் அமைச்சருக்கு வைத்தியம் பார்த்தவர். இந்தியா அவருக்கு வெறும் பெயரும் அன்று. வியாபாரியாக இருந்து குடும்பத்தைத் தாங்கிய தம்பி தாவீது, இந்துமாக்கடலில் மூழ்கி இறந்தார். பிறர் கொடுத்துவிட்ட பணமும் அவரோடு போயிற்று. செய்தி கேட்டுப் படுத்தவர் ஏறத்தாழ ஓராண்டு படுக்கையிலேயே கிடந்ததாகப் பல ஆண்டுகள் கழித்து அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தத் துயரத்தைப் படிக்கிற யாருக்கும் இந்த மனிதர்மேல் மரியாதை கூடுமே தவிரக் குறையாது. இந்திய யூதர்களைப் பற்றிய வரி, முதுமையில் அவர் தென் பிரான்சின் லூனேல் நகரத்து அறிஞர்களுக்கு எழுதிய கடிதத்தில் வருகிறது. எங்கு பார்த்தாலும் கல்வி தேய்கிறது, மிஞ்சிய நம்பிக்கை நீங்கள்தான் என்று அவர்களை உற்சாகப்படுத்த எழுதிய கடிதம் அது. நாடு நாடாகச் சொல்லி வருந்திக்கொண்டே போகிற வரிசையில் இந்தியாவுக்கும் ஒரு வாக்கியம் கிடைத்தது. ஒரு முதியவரின் புலம்பலை அளந்து எழுதிய அறிக்கைபோலப் பின்னால் வந்தவர்கள் எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

யூதத் தொழுகைப் பாட்டு எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் வழக்கின் ஆழம் புரியும். அதற்கு எபிரேயத்தில் பிய்யூத் என்று பெயர். கவிஞன் என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. தொழுகைக்கூடத்தில் அன்றாடம் சொல்லும் மன்றாட்டுகள் ஏற்கெனவே வரையறுக்கப்பட்டவை. ஓய்வுநாளுக்கும் பண்டிகைக்கும் துக்கநாளுக்கும் ஏற்ப அவற்றுக்கு நடுவே கோக்கப்படுகிற பாட்டுதான் பிய்யூத். பாலஸ்தீனத்தில் 6ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த யன்னாய் என்பவர், அடிகளின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் தம் பெயர் வரும்படி பாடத் தொடங்கினார். பிறகு அது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஸ்பெயினில் 11, 12ஆம் நூற்றாண்டுகளில் அரபு யாப்பின் நயமெல்லாம் எபிரேயத்துக்குள் வந்தது. சாலமன் இபின் கபிரோல் மெய்யியலாளர், யூதா ஹலேவி வைத்தியர், ஆபிரகாம் இபின் எஸ்ரா இலக்கண அறிஞரும் வானியல் அறிந்தவரும். மூவரும் தொழுகைப் பாட்டில் முதல் வரிசை. வடக்கே பிரான்சில், பைபிளுக்கும் தல்மூத் என்னும் சட்ட விளக்கத் தொகுப்புக்கும் இன்றுவரை எல்லோரும் கையில் வைத்துப் படிக்கும் உரையை எழுதிய ரஷி (1040-1105) மன்னிப்பு வேண்டும் பாட்டுகளும் எழுதினார். பாரிசில் 1242இல் தல்மூத் சுவடிகளை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். அதற்கு ஒப்பாரி பாடிய ரோத்தன்பர்க் மெயிர் அந்த நூற்றாண்டின் தலையாய சட்ட அறிஞர். அவர் ஒப்பாரியை யூதர்கள் ஆண்டுதோறும் எருசலேம் கோயில் இடிந்த துக்கநாளில் இன்றும் படிக்கிறார்கள். வாதப் போருக்கு நூல் எழுதிய கையாலேயே தமிழில் பிரபந்தமும் எழுதிய வேதாந்த தேசிகரை அறிந்த நமக்கு இந்தச் சேர்க்கை வியப்பளிக்காது.

ஆனால் மைமோனிதீசுக்கு இதில் சந்தேகம் இருந்தது, கோபமும் இருந்தது. அசரோத் என்று ஒரு பாட்டு வகை. தோராவில் இருப்பதாக ரப்பிகள் என்னும் யூதச் சமய ஆசிரியர்கள் எண்ணிய 613 கட்டளைகளையும் ஒவ்வொன்றாகச் செய்யுளில் கோத்துப் பண்டிகையில் பாடுவது. இபின் கபிரோலின் அசரோத் பல நாட்டுத் தொழுகைக்கூடங்களில் பரவியிருந்தது. மைமோனிதீஸ் தாமே கட்டளைகளை எண்ணி உரைநடையில் ஒரு நூல் எழுதியபோது, அதன் முன்னுரையில் இந்த ஸ்பெயின் பாட்டுகளை எடுத்துக்கொண்டார். எண்ணிக்கையில் பிழை இருக்கிறது, ஆனால் பாடியவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அவர்கள் கவிஞர்கள்தானே, ரப்பிகள் இல்லையே என்கிறார். மன்னிப்புபோலத் தெரியும் இந்தச் சொல்லில் ஒரு பிரிவினை ஒளிந்திருக்கிறது. சட்டம் ஒருபுறம், பாட்டு மறுபுறம். பாட்டில் இருக்கும் அறிவு இரண்டாந்தரம். அவர் மட்டும் இப்படி நினைக்கவில்லை. தாமே தொழுகைப் பாடலாசிரியராக இருந்த இபின் எஸ்ரா, பழைய பாலஸ்தீனக் கவிஞர் காலிரின் பாட்டுகளில் புதிர் மிகுதி, இலக்கணம் சிதைவு, தல்மூத் மொழிக் கலப்பு, கதைச் சரக்கு நிறைவு என்று குறைகளை அடுக்கியிருக்கிறார். கடவுள் முன் நிற்கும் நேரத்தில் விளங்காத சொல்லை ஏன் வாயில் போட வேண்டும் என்ற அவர் கேள்வி நியாயமானது. எந்தப் பாட்டும் கல்விதான் என்று நானும் சொல்லவில்லை. கவிஞர் வேறு, கற்றவர் வேறு என்று முன்கூட்டியே கோடு போட்டுவிட்டால், பாட்டாகவே கல்வியைக் காத்த ஒரு சமூகம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்பதுதான் என் வாதம். மலையாளக் கரைக்கு நேர்ந்தது அதுதான்.

மலையாளக் கரையில் கிடைத்த சான்றுகளில் முதலாவது 849ஆம் ஆண்டைச் சேர்ந்த தரிசாப்பள்ளிச் செப்பேடு. வேணாட்டு அய்யனடிகள் கொல்லத்துக் கிறிஸ்தவப் பள்ளிக்குக் கொடுத்த உரிமைப் பட்டயம் அது. சாட்சிக் கையெழுத்துகளில் அரபி உண்டு, பாரசீகத்துப் பகலவி உண்டு, எபிரேய எழுத்தில் எழுதிய பாரசீகமும் உண்டு. பெரியாழ்வார் காலத்தை 8, 9ஆம் நூற்றாண்டு என்று அறிஞர் பலர் கணிக்கிறார்கள். ஏறத்தாழ அந்தத் தலைமுறைகளில்தான் மலைக்கு மேற்கே யூத வணிகர்கள் தங்கள் எழுத்தில் கையொப்பம் வைத்துக்கொண்டிருந்தார்கள். அடுத்து, 1000ஆம் ஆண்டு வாக்கில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேடு. வட்டெழுத்தில் உள்ள அதன் சொற்களில் பலவற்றைத் தமிழ் வாசகர் அகராதி இல்லாமல் படிக்கலாம்: அஞ்சுவண்ணம், பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம். நடக்கும் வழியில் துணி விரிப்பது, பட்டப்பகலில் விளக்கோடு போவது என்று 72 உரிமைகள் அவருக்கும் அவர் வழியினருக்கும் தரப்பட்டன. இவை செல்வத்துக்கும் மதிப்புக்கும் சான்று, கல்விக்கு எங்கே சான்று என்று கேட்கலாம். கேள்வி சரி.

அதற்குச் சான்று மைமோனிதீஸ் வாழ்ந்த ஊரிலேயே கிடந்தது. துனீசியாவில் பிறந்த ஆபிரகாம் பென் யிஜு என்ற வணிகர், 1132 முதல் 1149 வரை பெரும்பாலும் மங்களூரில் இருந்தார். வெண்கலப் பட்டறை நடத்தினார், மிளகும் பாக்கும் அனுப்பினார். ஆஷு என்ற பெண்ணை 1132இல் அடிமைத்தளையிலிருந்து விடுவித்த ஆவணம் கிடைத்திருக்கிறது. அவர் கணக்குப் பிள்ளை மட்டுமாக இருக்கவில்லை. சட்ட நூல் படித்தவர், எபிரேயத்தில் பாட்டு எழுதியவர். ஏடனிலிருந்து நண்பர்கள் சரக்கோடு காகிதமும் அனுப்புவார்கள். வந்த கடிதங்களின் வெற்றிடத்திலும் அவர் பாட்டு வரைவுகளையும் கணக்கையும் எழுதினார். கடைசியில் எகிப்தின் புஸ்தாத்துக்குப் போனார். கடவுளின் பெயர் எழுதிய தாளை எறியக்கூடாது என்று பழைய காகிதங்களைப் போட்டு வைக்கும் அறை ஒன்று அங்கே பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் இருந்தது. பென் யிஜுவின் தாள்கள் அந்த அறைக்குள் போய்ச் சேர்ந்தன. மைமோனிதீஸ் கைப்பட எழுதிய தாள்களும் அதே அறையிலிருந்துதான் வெளிவந்தன. பெரும்பகுதி 1896-97இல் கேம்பிரிட்ஜ் போனது, கோய்த்தைன் என்ற அறிஞர் வாழ்நாளைக் கொடுத்து அவற்றைப் படித்தார், அமிதவ் கோஷ் 1992இல் பென் யிஜுவைப் பற்றி ஒரு நூலே எழுதினார். இந்தியாவில் யூதக் கல்வி இல்லை என்று எழுதியவரின் தாளும், இந்தியாவில் உட்கார்ந்து எபிரேயக் கவிதை எழுதியவரின் தாளும் ஒரே தூசியில் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு கிடந்திருக்கின்றன.

பென் யிஜு வந்து போனவர், மண்ணின் யூதர் ஆகமாட்டார் என்று சொல்லலாம். அப்படியானால் துதேலா ஊர் பெஞ்சமினைக் கேட்போம். 1160களின் நடுவில் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டு, 1173 வாக்கில் திரும்பியவர் அவர். கொல்லத்துக்கு நேரில் வந்தாரா என்பது ஐயம், கேள்விப்பட்டதை எழுதியிருக்கலாம். ஆனால் என்ன கேள்விப்பட்டார் என்பது முக்கியம். மிளகு விளையும் அந்த நாட்டு யூதர்கள் மற்றவர்களைப் போலவே கறுப்பு நிறத்தவர், நல்லவர்கள், கட்டளைகளைக் கடைப்பிடிப்பவர்கள், மோசேயின் தோராவும் தீர்க்கதரிசிகளின் நூல்களும் வைத்திருப்பவர்கள், தல்மூத்தும் சட்டமும் கொஞ்சம் அறிந்தவர்கள் என்கிறார். நிறத்தைச் சொன்னதால் இது வந்து தங்கிய மேற்கத்திய வணிகர்களைப் பற்றிய குறிப்பு இல்லை என்பது தெளிவு. லூனேல் கடிதத்துக்கு ஒரு தலைமுறை முந்தைய சாட்சி இது. இரண்டுமே செவிவழி என்றால், ஒன்றுமில்லை என்று மொத்தமாகத் தள்ளிய குரலைவிட, இது உண்டு, இது கொஞ்சம் உண்டு என்று பிரித்துச் சொன்ன குரலை நம்புவதே முறை. மேலும் சேந்தமங்கலத்தில் இஸ்ராயேலின் மகள் சாரா என்பவருக்கு 1269இல் நட்ட எபிரேயக் கல்லறைக்கல் இருக்கிறது. கொச்சங்காடித் தொழுகைக்கூடத்துக் கல்வெட்டு 1344இல் பொறிக்கப்பட்டது. எழுத்தறியாத சமூகம் ஒரு பெண்ணின் கல்லறைக்கு எபிரேயத்தில் கல் வெட்டாது.

கொடுங்கல்லூரை எபிரேயத்தில் ஷிங்லி என்பார்கள். கொச்சி யூதர்களின் தொழுகை முறைக்கே ஷிங்லி மரபு என்று பெயர். இந்த ஊர் தமிழ் வாசகருக்கு அந்நியம் இல்லை. குலசேகர ஆழ்வார் பிறந்ததாக வைணவ மரபு சொல்லும் திருவஞ்சிக்களம் இங்கேதான். சுந்தரர் பாடிய திருஅஞ்சைக்களமும் இங்கேதான். திவ்யப் பிரபந்தமும் தேவாரமும் எபிரேயத் தொழுகை முறை ஒன்றும் ஒரே கழிமுகத்து ஊரைத் தாயூராகச் சொல்லிக்கொள்கின்றன. இதைப் படித்தபோது எனக்கு நேர்ந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. பிற்காலத்தில் அந்த யூதர்கள் கொச்சிக்கும் சுற்றூர்களுக்கும் நகர்ந்தார்கள். மட்டாஞ்சேரிப் பரதேசி யூதப்பள்ளி 1568இல் எழுந்தது. சமூகத்தின் தலைவருக்கு அவர்கள் கொடுத்த பட்டம் முதலியார்.

அவர்கள் தொழுகைநூலில் ஸ்பெயின் கவிஞர்களும் உண்டு, யேமன் கவிஞர்களும் உண்டு. நடுவே கொச்சிக்கே உரியவர்களின் பாட்டுகள் வருகின்றன. அவர்களில் முதல்வர் நெகேமியா மோட்டா. 1615இல் இறந்தவர், உள்ளூர் வாயில் நாமியா முத்தா. யேமனிலிருந்து வந்தவர் என்பது பரவலான செவிவழிச் செய்தி. கபாலா என்னும் யூத மறைஞானத்தில் தேர்ந்தவர் என்று கல்லறைக் கல்வெட்டே சொல்கிறது. பண்டிகைக்கும் திருமணத்துக்கும் அவர் செய்த பாட்டுகள் தொழுகைநூலில் இடம்பெற்றன, முதலெழுத்துகளில் பெயரை நெய்யும் பழைய வழக்கத்தோடு. இன்னொருவர் ஏடனைச் சேர்ந்த எலியாஹு. கொச்சியில் வாழ்ந்த இவர் பாடியது எதை என்று நினைக்கிறீர்கள்? அசரோத்! மைமோனிதீஸ் எந்தப் பாட்டு வகையைக் கவிஞர்களின் வேலை என்று ஒதுக்கினாரோ, அதே 613 கட்டளைப் பாட்டைக் கொச்சி யூதர்கள் பண்டிகையில் பாடினார்கள். அது 17ஆம் நூற்றாண்டிலேயே ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியது. சட்டம் அங்கே ஏட்டில் பூட்டியிருக்கவில்லை. ஆண்டுக்கொரு முறை எல்லார் வாயிலும் மெட்டோடு ஏறி இறங்கியது. முறையாகப் பட்டம் பெற்ற ரப்பி என்று கொச்சியில் யாரும் இருந்ததாகச் சொல்வதில்லை. படித்த பெரியவர்களே தொழுகையை நடத்தினார்கள். ரப்பியைத் தேடி வந்தவருக்கு அங்கே வெறுமை தெரிந்திருக்கும். பாட்டைக் கேட்க உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்காது.

பெண்களிடம் வந்தால் வாதம் இன்னும் வலுப்படுகிறது. கேரள யூதப்பள்ளிகளில் வேறெங்கும் காணாத ஒரு கட்டட அமைப்பு உண்டு. தோரா படிக்கும் மேடை கூடத்தின் நடுவில் ஒன்று இருக்க, மாடத்தில் பெண்கள் அமரும் இடத்துக்கு முன்னாலேயே இரண்டாவது மேடை ஒன்று கட்டியிருப்பார்கள். ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் மறைநூல் அங்கிருந்து ஒலிக்கும். பெண்கள் காதருகே ஒலித்த அந்த வாசிப்பு, வேறொரு மொழியில் திரும்பி வந்தது. மலையாளத்தில் அவர்கள் கட்டிய பாட்டுகள் நோட்டுப் புத்தகங்களில் தாயிடமிருந்து மகளுக்குப் போயின. ஆண்கள் இருக்கும் சபையிலேயே வாய்விட்டுப் பாடினார்கள். ஏவராயி என்ற ரப்பி எருசலேமிலிருந்து எகிப்து, யேமன், பாரசீகம் கடந்து பாலூருக்கு வந்து தொழுகைக்கூடம் கட்டியதைச் சொல்லும் பாட்டு உண்டு. பைங்கிளியை வைத்துப் பாடிய பாட்டும் உண்டு. ஆண்டாள் கையில் தினமும் இலையால் புதிதாகச் செய்து வைக்கும் கிளியை அறிந்தவர்களுக்கு அது உடனே நினைவில் பறக்கும். ஸ்கரியா சக்கரியாவும் ஓபிரா கம்லியேலும் 2005இல் இந்தப் பாட்டுகளைத் தொகுத்து எபிரேய மொழிபெயர்ப்போடு எருசலேமில் வெளியிட்டபோது நூலுக்கு வைத்த பெயர் கார்குழலி. எபிரேய வாசகருக்கு விளக்க வேண்டிய அந்தச் சொல் நமக்கு விளக்கமில்லாமலே விளங்குகிறது. பழைய பாட்டுகளின் மொழி தமிழும் மலையாளமும் முழுதாகப் பிரியாத காலத்தின் சாயலோடு இருப்பதுதான் காரணம்.

இது நாட்டுப்பாட்டு, இதில் புலமை எங்கே என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் உண்டு. பைபிள் கதைகளைச் சொல்லும்போது இந்தப் பெண்கள் பைபிளில் இல்லாத செய்திகளையும் சேர்க்கிறார்கள். அவை அவர்கள் கற்பனை இல்லை. மித்ராஷ் என்ற ரப்பிகளின் விளக்க மரபில் இருப்பவை. தொழுகைக்கூடத்து விளக்கம் மாடத்து மேடை வழியாகக் காதில் விழுந்து, மனத்தில் தங்கி, மலையாளத்தில் பாட்டாகியிருக்கிறது. மாணவன் ஒருவன் இதைச் செய்திருந்தால் தேர்ச்சி என்று எழுதுவோம். பாட்டி செய்தால் மட்டும் ஏன் நாட்டுப்பாட்டு என்று வேறு அலமாரியில் வைக்க வேண்டும்?

இன்னும் இரண்டு மறுப்புகளுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாது. முதலாவது காலம். மோட்டா மைமோனிதீசுக்கு நான்கு நூற்றாண்டு பிந்தியவர். பின்னால் வந்த கல்வியை வைத்து முன்னால் சொன்ன தீர்ப்பைப் பொய்யாக்கலாமா? மோட்டாவை மட்டும் வைத்து வாதாடினால் முடியாதுதான். அதனால்தான் பெஞ்சமினையும் பென் யிஜுவையும் சேந்தமங்கலத்துக் கல்லையும் முதலில் வைத்தேன். கூடவே ஒன்றை நினைக்க வேண்டும். எபிரேயமே தெரியாத கூட்டத்துக்கு நடுவே முதலெழுத்துப் புதிரோடு ஒருவர் எபிரேயப் பாட்டு எழுதமாட்டார். கேட்பவர் கூட்டம் முன்பே பழுத்திருந்தால்தான் அப்படிப்பட்ட கவிஞருக்கு வேலை. இரண்டாவது மறுப்பு, இவர்கள் ஏடனிலும் யேமனிலும் இருந்து வந்தவர்கள், இந்தியக் கல்வி என்று எப்படிச் சொல்வது என்பது. இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவரின் தேம்பாவணியைத் தமிழ் நூல் இல்லை என்று யாராவது சொல்கிறோமா? எங்கே பாடப்பட்டதோ, யார் அதை மனப்பாடமாக வைத்துத் தலைமுறை கடத்தினார்களோ, பாட்டு அவர்களுடையது. ஏடனில் பிறந்தவரின் பாட்டுக்குக் கொச்சியார் மெட்டுக் கொடுத்துப் பண்டிகையில் இடமும் கொடுத்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவது, ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று காட்டுவதற்காக இல்லை. அப்படிக் கடன் வாங்கியதற்குத் தடயம் எதுவும் இல்லை. வேறுபாடுகளும் பெரியவை. பிய்யூத் முதலெழுத்தில் ஒளித்து வைக்கும் பெயர் கண்ணுக்கானது, சுவடியைக் கையில் வைத்திருப்பவருக்கே தெரியும். ஆண்டாள் திருப்பாவையின் முப்பதாம் பாசுரத்தில் ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் தன் பெயரும் காதில் விழும்படி வெளிப்படையாக நிற்கின்றன. ஆனால் இரண்டிலும் கையொப்பம் ஒரே வேலையைச் செய்கிறது. தொழுகையில் பாட்டு எல்லாருடையதும் ஆகிவிடும், யார் பாடியது என்பது கரைந்துபோகும். பெயரைப் பாட்டுக்குள்ளேயே தைத்துவிட்டால், பாடுகிறவர் ஒவ்வொருவரும் அறிந்தோ அறியாமலோ அதைக் காத்துக்கொண்டிருப்பார். நம்மிடம் மரபு இன்னொரு படியும் ஏறியது. பாட்டைக் கல்வியாக ஏற்றதோடு, அதற்கு உரை எழுதுவதையே கல்வியின் உச்சமாக்கியது. முப்பது பாசுரத் திருப்பாவைக்குப் பெரியவாச்சான் பிள்ளை மூவாயிரப்படியும், அழகிய மணவாளப் பெருமாள் நாயனார் ஆறாயிரப்படியும் எழுதினார்கள். ஒரு படி என்பது 32 எழுத்து. நந்தவனத்தில் கிடைத்த பெண் பாடியதற்கு ஒரு லட்சத்து 92 ஆயிரம் எழுத்துக் கணக்கில் ஓர் உரை! அரையர் சேவையில் அந்தப் பாசுரங்கள் இன்றும் தாளத்தோடு அபிநயத்தோடு நடக்கின்றன. மார்கழியில் திருப்பதியில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவை ஒலிக்கிறது. ஐரோப்பிய யூதர்களிடமும் இந்த வழக்கம் இருந்தது. பொகீமியாவின் ஆபிரகாம் பென் அஸ்ரியேல் 1234இல் தொழுகைப் பாட்டுகளுக்குப் பெரிய உரை செய்தார். கொச்சிப் பாட்டுகளுக்கு அந்த அளவில் உரைகாரர்கள் வாய்க்கவில்லை. பாட்டில் இருந்த கல்வி வெளியே தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1948க்குப் பிறகு, முக்கியமாக 1950களில், கொச்சி யூதர்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். மட்டாஞ்சேரிக் கடவும்பாகம் யூதப்பள்ளியின் உள்ளறை மரவேலைகள் எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நோட்டுப் புத்தகங்களும் பெண்களோடு போயின, வயதான குரல்கள் சில ஒலிப்பதிவாகிப் பிழைத்தன. மோட்டாவின் கல்லறை மட்டும் மட்டாஞ்சேரியில் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. அவர் இறந்தது கிஸ்லேவ் மாதம் 25ஆம் நாள், விளக்குத் திருவிழாவான ஹனுக்காவின் முதல் நாள். அந்த நாளில் அங்கே மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கமாக இருந்தது. எபிரேயம் அறியாத இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ அக்கம்பக்கத்தாரும் நாமியா முத்தாவிடம் வேண்டிக்கொண்டு விளக்கேற்றி வந்திருக்கிறார்கள். யூத மாதங்கள் நிலவைப் பின்பற்றுவதால் அந்த நாள் ஆண்டுக்கு ஆண்டு நவம்பர் கடைசிக்கும் டிசம்பர் கடைசிக்கும் நடுவே நகரும். சில ஆண்டுகளில் அது மார்கழிக்குள் வந்து விழுகிறது, ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியலில் திருப்பாவை பாடிக்கொண்டிருக்கும் நாட்களில்.